கனடா விலாசம்

பிப்ரவரி 9, ஞாயிறு. சங்கரன்கோவில்

மின்வாரியத்தில் ஷிப்டு முடிந்ததும் லாக் புத்தகம் எழுதியே கை பழகிவிட்டது. ஃபோர்மேனாக ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. ஆகவே இந்தப் பயணத்தையும் எழுதி வைக்கிறேன். இன்று ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை. அங்கிருந்து விமானத்தில் அந்தமான்.

ஊரில் எல்லாரிடமும் ராமேஸ்வரம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தமானில் என் மகள் கோமதி இருக்கிறாள். இது எனக்கும் என் வீட்டுக்காரி வடிவுக்கும் மட்டும்தான் தெரியும். ஊரைப் பொறுத்தவரை அவள் கனடாவில் எம்.எஸ். படிக்கிறாள்.

இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கனடாவில் இடம் கிடைத்தது நிஜம். என் பழைய ஆபீஸ் பயல்கள் பஸ் ஸ்டாண்டு முக்கில் ‘கனடா செல்லும் எங்கள் வீட்டுத் தங்கமே’ என்று ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்ததும் நிஜம். அது வெளுத்துப்போய் இன்னும் அங்கேயே நிற்கிறது. ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் தூத்துக்குடி விமான நிலையத்துக்கு வந்து கையை ஆட்டினார்கள். அவளும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சென்னையில் இறங்கினவள் கனடாவை விட்டுவிட்டு அந்தமானுக்கு ஏறிவிட்டாள். காலேஜ் டூரில் போய் முங்கிப் பார்த்த கடல் அவளை விடவில்லையாம். முன்னாலேயே பல தடவை சொன்னாளாம், நான்தான் காதில் வாங்கவில்லையாம். ஃப்ளெக்ஸ் வைத்த பிறகு எவன் காதில் வாங்குவான்? இப்போது அங்கே ஸ்கூபா என்று ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போகிற வேலை. அவள் கிளம்பின மறுநாள் தெருவில் “பாப்பா போய்ச் சேந்தாச்சா?” என்று கேட்டார்கள். “சேந்துட்டா, ஒரே பனியாம்” என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

இரண்டு வருடமாக அவள் என்னிடம் பேசுவதில்லை. நான் தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு குட்மார்னிங் அனுப்புகிறேன். பார்க்கிறாள். பதில் கிடையாது.

அடுத்த மாதம் என் மச்சினன் சங்கரபாண்டியின் மகனுக்குக் கல்யாணம். கோமதிக்குத் தாய்மாமன் வீட்டு விசேஷம். நேற்று போனில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“அத்தான், பாப்பாவோட கனடா விலாசம் சொல்லுங்க. பத்திரிகை கூரியர்ல அனுப்பணும்.”

“வாட்ஸ்அப்புல அனுப்பு மாப்ள, போதும்.”

“அது நல்லாவா இருக்கும்? தாய்மாமன் பத்திரிகை அவ கைக்குப் போயிச் சேரணும் அத்தான்.”

தேடி எடுத்துச் சொல்லுதேன் என்று வைத்துவிட்டேன். வடிவு அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

“அவ தெளிவாச் சொல்லிட்டா. ‘நான் எங்க இருக்கேன்னு அப்பா அவுக வாயால மாமாகிட்டச் சொல்லட்டும், வாரேன். இல்லன்னா இந்தக் கல்யாணத்துக்கு மட்டுமில்ல, அந்த ஊருக்கே இனி வரமாட்டேன்’னுட்டா. என்ன செய்வீங்களோ, எம்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க.”

என்னிடம் வேறு திட்டம் இருக்கிறது. அதை வடிவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, திங்கள். சென்னை

பர்மா பஜாரில் வெளிநாட்டுச் சாக்லேட் வாங்கினேன். திட்டம் இதுதான். கோமதி கனடாவிலிருந்து லீவில் வந்ததாகக் கல்யாணத்துக்கு வர வேண்டும். எல்லாருக்கும் சாக்லேட் கொடுக்க வேண்டும். பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கனடா என்று அட்டையில் போட்டது கேட்டேன், கடைக்காரன் சுவிட்சர்லாந்தைத் தள்ளிவிட்டான். பிள்ளைகள் அட்டையையா படிக்கப் போகிறார்கள்.

பெட்டிக்குப் பதில் கோமதியின் பழைய காலேஜ் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன்தான் குறைந்த வாடகையில் ஹாஸ்டல் போட்டுக் கொடுத்து, “பேக்பேக்கர்னா இப்படித்தான் போகணும் பெரியப்பா” என்றான். தோள் இரண்டும் வலிக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய். ஹேவ்லாக்

போர்ட் பிளேரில் இறங்கி, அரசாங்கக் கப்பலுக்கு வரிசையில் நின்று, ஹேவ்லாக் தீவு வந்து சேர்ந்தேன். தனியார் கப்பல் சொகுசாம். இதுவும் அதே தண்ணீரில்தானே போகிறது.

ஹாஸ்டல் என்றால் ஏதோ அறை என்று நினைத்தேன். ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழுமாகக் கட்டில் போட்ட ஒரே கூடம். ஆணும் பெண்ணும் எல்லாரும் அதில்தான். எனக்கு மேல் கட்டில். கம்பம் ஏறின கால் என்பதால் ஏறிவிட்டேன். பெங்களூர்ப் பையன் ஒருவன், “அங்கிள், யூ ஸோ கூல்” என்றான். ஒரு ஜெர்மன்காரப் பெண் என் வேட்டியைத் தொட்டுப் பார்த்து என்ன துணி என்று கேட்டாள். முழுக்கை பனியனைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் எழுந்தால் கூடத்தில் அத்தனை பேர் காதிலும் பஞ்சு. என் குறட்டைக்குத்தான். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்.

ஐந்தாம் நம்பர் பீச்சுக்கு நடந்தேன். இங்கே ஊருக்கெல்லாம் நம்பர்தான் பேர். வடிவு சொன்ன அடையாளத்தில் நீலப் பலகை போட்ட கடை இருந்தது. தென்னை மறைவில் நின்று பார்த்தேன். கோமதி கைக்கு ஒன்றாக இரண்டு காற்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனாள். வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்த என்னைக் கூப்பிட்டவள்.

உள்ளே போகவில்லை. வெயில் அதிகம்.

சாயங்காலம் வடிவு போன் செய்தாள். “தென்ன மரத்துக்குப் பின்னால நின்னு பாத்துட்டுப் போயிட்டீங்களாமே?” இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று விளங்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வாடிக்கையாளராகப் போனால் பேசித்தானே ஆக வேண்டும்? கடைக்குள் போய், நானும் கடலுக்குள் இறங்க வேண்டும் என்றேன். மேனேஜர் ரோஹன் மும்பைப் பையன். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டான். “நோ டேப்லெட்” என்றேன்.

“காலையில ஒண்ணு, ராத்திரி அரை. பத்து வருஷமா பிரஷர்” என்று பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல்.

திரும்பினேன். கருத்துப் போயிருந்தாள். முடி உப்புத் தண்ணீரில் செம்பட்டையாகிக் கிடந்தது. ரோஹனிடம் இங்கிலீஷில் ஏதோ கண்டிப்பாகச் சொன்னாள். அவன் என் பேரை அடித்துவிட்டான். அவனுக்கு மேனேஜர் அவளா, அவளுக்கு அவனா என்று தெரியவில்லை.

“தண்ணிக்குள்ள விட முடியாது. வேணும்னா படகுல வாங்க” என்றாள்.

“சாப்பிட்டியாம்மா?” என்றேன்.

“சாப்ட்டேன்.”

இரண்டு வருடத்துக்கு அப்புறம் பேசின பேச்சு இவ்வளவுதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

மத்தியானம் அவளே ஹாஸ்டலுக்கு வந்து, பெங்காலிக்காரர் நடத்தும் மீன் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாள். அந்தக் கடைக்காரர் அவளை ‘கோ’ என்று கூப்பிடுகிறார். தீவு முழுக்க அப்படித்தானாம். கோமதி அம்மன் பேரை வைத்தால் இவர்கள் ஓரெழுத்தாக்கி வைத்திருக்கிறார்கள்.

திட்டத்தை எடுத்துச் சொன்னேன். சாக்லேட்டையும் காட்டினேன். உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

“நான் என்ன திருடிட்டா வந்தேன், ஒளிஞ்சு கிடக்க? நீங்கதான் என்னைய ஒளிச்சு வச்சிருக்கீங்க.”

“ஊரு என்ன சொல்லும்னு யோசிச்சுப் பாத்தியா?”

“மாமா கேட்டா என்ன சொல்வீங்க, அத மட்டும் யோசிங்க. கனடாக்காரியா வேசம் போட்டுட்டு நான் வரமாட்டேன்.”

கை கழுவிவிட்டு வந்து, கோபம் கொஞ்சம் இறங்கி, “நாளைக்குப் படகுல வாங்கப்பா. என் வேலை என்னன்னு ஒருநாள் பாருங்க. அப்புறம் பேசுவோம்” என்றாள்.

‘அப்பா’ என்று சொன்னாள். எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

படகில் ஈரோட்டுக்காரத் தம்பதி இருந்தார்கள். புருஷன்காரன் யுவராஜ், கோமதியிடம் முங்குகிற பயிற்சி எடுக்கிறான். அவன் மனைவி சிந்துஜாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

படகோட்டி பிமல் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. ஆள் இறங்குமுன் சின்னச் சிலேட்டில் யார் யார், எந்த இடம், எத்தனை மணி என்று எழுதிவிடுகிறான். மேலே வந்ததும் அழிக்கிறான். எங்கள் ‘லைன் கிளியர்’ இதேதான். கம்பத்தில் எவன், எந்த லைனில் ஏறியிருக்கிறான் என்று சப் ஸ்டேஷனில் எழுதி வைக்காமல் ஒருத்தனையும் ஏற்றக் கூடாது. அவன் இறங்கி வந்து சொல்லும்வரை எவனும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. இதைக் கோமதியிடம் சொன்னேன். “அதேதான்ப்பா” என்று சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அப்புறம் சிந்துஜா பேச்சுக் கொடுத்தாள். “அங்கிள், உங்களுக்குக் குழந்தைங்க எத்தனைங்க?”

“ஒரே பொண்ணும்மா. கனடாவுல எம்.எஸ். பண்ணுதா.”

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு வருடம் சொன்ன வாய். சொல்லி முடித்த பிறகுதான், எனக்குப் பின்னால் கோமதி சிலிண்டர் வாரை இறுக்கிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. வார் சத்தம் நின்றது.

“யுவராஜ், ரெடியா? போலாம்” என்றாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. கரைக்கு வந்த பிறகும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

குட்மார்னிங் அனுப்பினேன். அவள் பார்க்கக்கூட இல்லை.

வடிவு போன் எடுக்கவில்லை. வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். ஜெர்மன்காரப் பெண் பிஸ்கட் கொடுத்தாள், வேண்டாம் என்றேன். நாளை மறுநாள் எனக்குக் கப்பல்.

பிப்ரவரி 17, திங்கள்

கூப்பிடாமலே படகுக்குப் போனேன். ஏறி ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். யுவராஜுக்கு இன்று கடைசிப் பாடம். பிமல் சிலேட்டில் எழுதினான். இருவரும் இறங்கினார்கள்.

முதலில் தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தது. கீழே இருப்பவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று படகுக்காரர்கள் அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று மாறி, கடல் அலம்ப ஆரம்பித்தது. குமிழியைக் காணோம். பிமல் எழுந்து நின்றான். சிலேட்டைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், எஞ்சினை உயிர்ப்பித்து மெதுவாகச் சுற்றினான். வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அவன் பேசும் இந்தி எனக்குத் தெரியாது. முகம் பேசுவது தெரிந்தது.

சிந்துஜா அழத் தொடங்கிவிட்டாள். “அங்கிள், அந்த மேடத்தை நம்பலாங்களா? எங்க வீட்டுக்காரருக்கு நீச்சலே இப்பத்தானுங்க பழக்கம். அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணா இருக்குதுங்களே!”

கம்பத்தில் ஏறினவன் பேருக்கு நேரே வேறு ஊர் லைனை எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? முப்பத்தைந்து வருடம் அதைத்தானே மற்றவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இந்தத் தண்ணீருக்கு அடியில் என் பிள்ளைக்கு ஒன்று ஆனால் ஊரில் ஒரு ஜனம் இந்தத் திசையைப் பார்க்காது. எல்லாரும் கனடாவைப் பார்ப்பார்கள். அப்படி எழுதி வைத்தவன் நான். பாவி, நான்தான்.

“அது எம்பொண்ணும்மா” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. “யாருங்க?”

“மேடம் மேடம்ங்கியே, அவதான். கோமதி. எம்பொண்ணு.”

“கனடாவுல இருக்கற பொண்ணுங்களா?”

“கனடாவும் இல்ல, மண்ணும் இல்ல. இந்தா கீழ இருக்கா பாரு, இவதான். உன் வீட்டுக்காரன விட்டுட்டு வரமாட்டா. கூட்டிட்டு வந்திருவா, அழாத.”

பிமல் அவர்கள் இறங்கின பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நான் படகின் மூக்கில் ஏறி நின்று மற்றப் பக்கம் பார்த்தேன். மைல் கணக்கில் கம்பி பார்த்து நடந்த கண். எங்கோ தூரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குச்சி அலைக்கு மேலே நிமிர்ந்து நிமிர்ந்து படுத்தது. முங்கினவர்கள் தங்கள் இடத்தைக் காட்ட, காற்றூதி மேலே அனுப்புகிற குழாயாம். பிமல் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்துக் கையைக் காட்டினேன்.

பக்கத்தில் போனபோது இரண்டு தலை மிதந்தது. யுவராஜின் சிலிண்டர் வாரை ஒரு கையிலும் அந்தக் குழாயை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, கோமதி அவனிடம் ஏதோ சிரிப்புப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தாள். நீரோட்டம் இழுத்திருக்கிறது. எதிர்த்து நீந்தாமல் அதன் போக்கில் விட்டு, பத்திரமாக மேலே கொண்டுவந்திருக்கிறாள். அவனை முதலில் ஏணியில் ஏற்றினாள். பிமல் சிலேட்டில் இரண்டு பேரையும் அழித்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

இருவருக்கும் குளிரில் பல் தந்தியடித்தது. பையிலிருந்த சாக்லேட்டை எடுத்துக் கொடுத்தேன். களி மாதிரி இருந்தது. அட்டையை நக்கித் தின்றார்கள்.

“மேடம், உங்கப்பா சொல்லித்தானுங்க எனக்கு உசுரே வந்துச்சு” என்றாள் சிந்துஜா.

கோமதி அட்டையிலிருந்து வாயை எடுத்தாள். “யாரு சொன்னா?”

“அங்கிள்தானுங்க. எம்பொண்ணு கூட்டிட்டு வந்திருவான்னாரு.”

கோமதி என்னைப் பார்த்தாள். முங்குகிற கண்ணாடியைக் கழுவப்போகிற மாதிரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரைக்கு வந்து, கடை வாசலில் இருக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டியில் அவள் உடுப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. சங்கரபாண்டி.

“அத்தான், ராமேஸ்வரத்துல நல்ல தரிசனமா? பாப்பா விலாசம் சொல்லுங்க. கூரியர் ஆபீஸ்லதான் நிக்கேன். இன்னைக்கு விட்டா கனடாவுக்குப் போய்ச் சேராதுங்கான்.”

கோமதியின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. வாலியூமைக் குறைக்கத் தெரியாத போன் என்னுடையது.

“எழுதிக்க மாப்ள. உ. கோமதி.”

“ம்.”

“அஞ்சாம் நம்பர் பீச்.”

“அஞ்சாம் நம்பர் தெருவா?”

“தெரு இல்ல மாப்ள, பீச்சு. கடற்கரை. ஹேவ்லாக் தீவு, அந்தமான்.”

“கனடாவுல ஒரு அந்தமான் இருக்கா அத்தான்?”

“கனடா இல்ல மாப்ள. அவ கனடாவுக்கே போகல. நீ வேன்ல வந்து கையாட்டுன அன்னைக்கே இங்க வந்துட்டா. ரெண்டு வருசமா நான் சொன்னது பூராவும் பொய். அவ சொல்லல, நான் சொன்னேன். கடலுக்கு அடியில ஆளுகளக் கூட்டிட்டுப் போயி, பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து விடுதா. அதான் அவ வேலை. இப்பந்தான் கண்ணால பாத்தேன். நானும் ராமேஸ்வரத்துல இல்ல, எம்பிள்ளகூட இருக்கேன்.”

அந்தப் பக்கம் கூரியர் ஆபீஸில் யாரோ முத்திரை குத்துவது மட்டும் கேட்டது. இவன் இனி என்னிடம் பேசுவானா, கல்யாணத்தில் எனக்கு நாற்காலி போடுவானா, ஊரில் எவனெவன் சிரிப்பான் என்று எல்லாம் ஒரு சுற்று ஓடி முடிந்தது. அப்புறம் சங்கரபாண்டி தொண்டையைக் கனைத்தான்.

“அப்ப அந்த ஃப்ளெக்ஸ்ஸு?”

“கிழிச்சுப் போட்டுருதேன் மாப்ள.”

“ம்.” கூரியர்க்காரனிடம் ஏதோ கேட்டான். “சரி, பின்கோடு சொல்லுங்க. அது இல்லாம வாங்க மாட்டேங்கான்.”

எனக்குத் தெரியவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன்.

“ஏட்டி கோமதி, இந்த ஊரு பின்கோடு என்னட்டி?”

குனிந்த தலையை நிமிர்த்தாமல், “ஏழு, நாலு, நாலு” என்றாள். மூக்கை உறிஞ்சினாள். “ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு.”

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னான். சரியாக இருந்தது.

“யப்பா,” என்றாள் கோமதி, ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “அது கப்பலேறி இங்க வந்து சேருறதுக்குள்ள நம்ம ஊருக்கே போயிருவோம். அனுப்ப வேண்டாம்னு மாமாகிட்டச் சொல்லுங்க. அங்க வந்து கையில வாங்கிக்கிடுதேன்.”

“வரட்டும், வரட்டும்” என்றேன். “உன் பேரையும் இந்த ஊரையும் அவன் கையால ஒருதடவ எழுதட்டும்.”